பழைய காகித லைசென்ஸும் அந்நிய நாட்டுச் சாலையும்

பிரிட்டனில் மோட்டார் ஓட்டும் பிரஜைகளில் ஒரு சாராரிடம் புகைப்படமில்லாத பழைய காகித லைசென்ஸ் இன்றும் இருந்து வருகிறது. உள்நாட்டில் அதற்குப் பூரண மதிப்பு உண்டு. கால்வாயைக் கடந்து கலே துறைமுகத்தில் இறங்கியதும் அந்த மதிப்பு ஆட்டங் கொடுக்கிறது. காகிதம் அதுவே, முத்திரை அதுவே, ஓட்டுகிற மனிதரும் அவரே. ஆயினும் டோவரில் ஆட்சேபமின்றிச் செல்லுகிற பத்திரம், இருபத்தோரு மைல் தண்ணீருக்கு அப்பால் கேள்விக்கு உரியதாகி விடுகிறது. இது யாரோ சில கிழவர்களின் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றிய சில்லறைத் தொல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு சர்க்கார் தன் பிரஜைக்கு எழுதிக் கொடுத்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும், செல்லாத இடத்தில் அதன் நஷ்டத்தை யார் ஏற்பது என்னும் பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

லைசென்ஸ் வளர்ந்த கதை

பிரிட்டனில் மோட்டார் லைசென்ஸ் என்பது 1903-ம் வருஷத்து மோட்டார் கார் சட்டத்தால் ஏற்பட்டது. 1904-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் அது அமுலுக்கு வந்தது. ஐந்து ஷில்லிங் செலுத்தியவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பரீட்சையைக் கட்டாயமாக்க 1935-ம் வருஷம் ஜூன் மாதம் வரையில் அந்நாடு காத்திருந்தது. ஜில்லா சபைகள் வழங்கி வந்த லைசென்ஸ்கள் 1970-ம் வருஷத்துக்குப் பின்னரே வேல்ஸ் பிரதேசத்தின் ஸ்வான்ஸீ நகரிலுள்ள மத்திய இலாகாவின் கைக்குப் படிப்படியாக மாறின. 1976-ம் வருஷத்தில் மற்றொரு சௌகரியமும் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்றிருந்த விதி நீங்கி, எழுபது வயது வரையில் ஒரே லைசென்ஸ் செல்லும் என்றாயிற்று.

1998-ம் வருஷத்தில் புகைப்படம் பதித்த அட்டை லைசென்ஸ் வந்தது. ஆனால் பழைய காகிதங்களை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றே சர்க்கார் சொல்லிற்று. விலாசமோ பெயரோ மாறினால் புது அட்டை பெற வேண்டும். எழுபது வயதானால் பெற வேண்டும். மற்றப்படி பழைய காகிதமே போதும். இதன் பலன் விசித்திரமானது. 1998-க்கு முன் பரீட்சையில் தேறி, அதன் பிறகு வீடும் மாறாமல் பெயரும் மாறாமல் இருப்பவரே இன்று காகித லைசென்ஸ் வைத்திருப்பவர். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், எழுபதை எட்டியிராது. ஒரே வீட்டில் நிலைத்து, வரி செலுத்தி, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து வாழும் குடும்பஸ்தர் அவர். அவர்களிலே இளையவரின் காகிதம், சட்டத்தின் எழுத்துப்படி, 2050-ம் வருஷத்தைத் தாண்டியும் செல்லக்கூடியது.

மூன்று வேறு கேள்விகள்

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே ஏற்படும் குழப்பத்துக்கெல்லாம் காரணம், தனித்தனியான மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதுதான். முதலாவது, இந்த மனிதருக்கு மோட்டார் ஓட்டும் உரிமை உண்டா என்பது. இரண்டாவது, அவ்வுரிமையை வேறொரு ராஜ்யம் அங்கீகரிக்கக் கடமைப்பட்டிருக்கிறதா என்பது. மூன்றாவது, எதிரில் நிற்பவர்தாம் அந்த மனிதர் என்பதற்கு ருஜு என்ன என்பது. காகித லைசென்ஸ் முதற் கேள்விக்குத் தெளிவாக விடை கூறுகிறது. இரண்டாவதில் தடுமாறுகிறது. மூன்றாவதில் வாய் மூடி நிற்கிறது.

உள்நாட்டில் மூன்றாவது கேள்வி பெரிதாக எழாததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் வண்டி ஓட்டுகிறவர் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. போலீஸார் கேட்டால் ஏழு நாளுக்குள் ஸ்டேஷனில் கொண்டு போய்க் காட்டலாம். உண்மையான லைசென்ஸ் ஸ்வான்ஸீ இலாகாவின் பதிவேட்டில் இருக்கிறது. கையிலுள்ள காகிதம் அதன் நிழல் மாத்திரமே. ஐரோப்பாக் கண்டத்திலோ லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்; கேட்ட இடத்திலேயே காட்ட வேண்டும். நடுச்சாலையில் வண்டியை நிறுத்திய பிரெஞ்சுப் போலீஸ்காரருக்கு ஸ்வான்ஸீயின் பதிவேடு கண்ணுக்குத் தெரியாது. அவர் கண் முன்னால் இருப்பது மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதமும் ஒரு மனித முகமும். இரண்டையும் இணைக்கும் கயிறு ஒன்றும் அக்காகிதத்தில் இல்லை.

உடன்படிக்கைகள் கூறுவது

அங்கீகாரம் என்பது தயவினால் வருவதன்று. ராஜ்யங்களுக்கிடையே செய்துகொண்ட உடன்படிக்கையினால் வருவது. மோட்டார்ப் பிரயாணத்தைப் பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை 1909-ம் வருஷத்தில் பாரிஸ் நகரில் ஏற்பட்டது. 1926-ல் அதே நகரில் மற்றொன்றும், 1949-ல் ஜினீவாவில் மூன்றாவதும், 1968-ல் வியன்னாவில் நான்காவதும் தொடர்ந்தன. ஒன்று வந்ததும் மற்றது எல்லோருக்கும் ஒழிந்துவிடவில்லை. எந்த ராஜ்யம் எதில் கையெழுத்திட்டதோ அதுவே அதைக் கட்டுப்படுத்தும்.

1949-ம் வருஷத்து உடன்படிக்கையில் ஒரு ஷரத்து இவ்விஷயத்தைத் தொடுகிறது. உள்நாட்டு லைசென்ஸ் உடன்படிக்கையில் கண்ட மாதிரிக்குப் பொருந்தாவிட்டால், சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டைக் காட்டும்படி கேட்க மற்ற ராஜ்யத்துக்கு அதிகாரம் உண்டு. 1968-ம் வருஷத்து உடன்படிக்கை இன்னும் விவரமானது. அதன் ஆறாவது அனுபந்தம் உள்நாட்டு லைசென்ஸில் இருக்க வேண்டிய அம்சங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. பெயர், பிறந்த தேதி, வழங்கிய தேதி, முடியும் தேதி, வழங்கிய அதிகாரி, எண் இவற்றோடு உடையவரின் புகைப்படமும் கையெழுத்தும் அவ்வரிசையில் இருக்கின்றன. பிரிட்டன் இந்த உடன்படிக்கைக்கு ஐம்பது வருஷம் பொறுத்து, 2018-ம் வருஷத்தில் சம்மதம் தெரிவித்தது. 2019-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி முதல் அது பிரிட்டனைக் கட்டுப்படுத்துகிறது. ஆக, எந்த அனுபந்தத்தில் புகைப்படம் அவசியமென்று கூறியிருக்கிறதோ அந்த உடன்படிக்கையில் தானே கையெழுத்திட்ட ஒரு ராஜ்யம், புகைப்படமில்லாத காகிதத்தையும் தன் எல்லைக்குள் செல்லும் என்கிறது. எல்லைக்குள் அப்படிச் சொல்ல அதற்குச் சர்வ சுதந்தரமும் உண்டு. எல்லைக்கு வெளியே பிறர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கேட்க அதற்கு வாய் இல்லை.

பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் அங்கமாயிருந்த காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. அங்கத்தினர் வழங்கும் லைசென்ஸ்களை ஒருவருக்கொருவர் ஏற்பது யூனியனின் சட்டம். 2020-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் விலகியது. அவ்வருஷம் டிசம்பர் 31-ந் தேதியுடன் இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. அதன் பிறகு உண்டான நிலைமையைப் பிரிட்டிஷ் சர்க்காரே தன் பிரஜைகளுக்குக் கூறும் புத்திமதியிலிருந்து அறியலாம். புகைப்பட அட்டை உள்ளவர் யூனியன் நாடுகளிலும் ஸ்விட்ஸர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றிலும் சர்வதேசச் சீட்டின்றியே ஓட்டலாம். காகித லைசென்ஸ் உள்ளவருக்கு அச்சீட்டு வேண்டியிருக்கலாம். “இருக்கலாம்” என்னும் இந்த ஒரு சொல்லில் எவ்வளவு பாரம் சுமத்தப்பட்டிருக்கிறது! ஒவ்வொரு நாட்டின் தூதராலயத்தையும் தனித்தனியே விசாரித்தறியும் பொறுப்பு முழுவதும் பிரஜையின் தலையிலேயே விழுந்திருக்கிறது.

சர்வதேசச் சீட்டு ஒன்றல்ல

சர்வதேசச் சீட்டு என்றால் உலகமெங்கும் செல்லும் ஒரே சீட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. எந்த உடன்படிக்கையின் கீழ் வழங்கப்பட்டதோ அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டிலேதான் அது செல்லும். ஜப்பான் தேசத்துக்கு 1949-ம் வருஷத்துச் சீட்டு வேண்டும்; அமெரிக்காவில் சீட்டு தேவைப்படின் அதுவே பொருந்தும். ஜெர்மனியைப் போன்ற நாடுகளுக்குச் சீட்டு தேவைப்படின் 1968-ம் வருஷத்துச் சீட்டே பொருந்தும். முன்னதன் ஆயுள் பன்னிரண்டு மாதம். பின்னதன் ஆயுள் மூன்று வருஷம், அல்லது உள்நாட்டு லைசென்ஸ் முடியும் தேதி, இவற்றில் முந்தியது. சீனாவோ இவ்வித சர்வதேசச் சீட்டு எதையும் ஏற்பதில்லை. பல நாடுகளின் வழியாகச் செல்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டு வாங்க நேரிடும்.

பிரிட்டனில் இச்சீட்டின் விலை 5.50 பவுன். 2024-ம் வருஷம் மார்ச்சு மாதம் முடிய தபாலாபீஸில் கிடைத்தது. ஏப்ரல் முதல் பேபாயிண்ட் வசதியுள்ள கடைகளில் கிடைக்கிறது. காகித லைசென்ஸைக் காட்டிச் சீட்டுக் கேட்பவர் தம் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் தனியே ஆளை அடையாளம் காட்டாது என்பதைப் பிரிட்டனின் சொந்த விதியே இங்கு ஒப்புக்கொண்டு விடுகிறது. அந்நிய நாட்டார் அதையே கூறினால் குறை சொல்வானேன்? மேலும், இச்சீட்டு மூல லைசென்ஸுக்குத் துணையேயன்றிப் பிரதியன்று. இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

வாடகை மோட்டார்க் கடையில்

போலீஸ்காரரைக் காட்டிலும் அதிகமாகப் பிரயாணியைச் சோதிப்பவர் வாடகைக்கு மோட்டார் விடும் வியாபாரி. சட்டம் ஒப்பினாலும் அவர் ஒப்ப வேண்டுமென்ற கட்டாயமில்லை. வண்டி அவருடையது, நிபந்தனையும் அவருடையது. லைசென்ஸில் அபராதப் புள்ளிகள் ஏதாவது உண்டா என்று அவர் அறிய விரும்புவது நியாயமே. முன்னெல்லாம் அவை காகிதத்திலேயே எழுதப்பட்டு வந்தன. 2015-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி முதல் கிரேட் பிரிட்டனில் அவ்வழக்கம் நின்றது. அட்டையோடு சேர்த்துக் கொடுத்து வந்த இணைப்புக் காகிதம் ரத்தாயிற்று. பழைய காகித லைசென்ஸ் ரத்தாகவில்லை. ஆனால் புதிய புள்ளிகள் இரண்டிலும் எழுதப்படுவதில்லை, இலாகாவின் பதிவில் மட்டும் ஏறுகின்றன.

இதன் தாத்பரியத்தை யோசிக்க வேண்டும். காகிதம் செல்லும் என்று கூறிய சர்க்காரே அக்காகிதத்திலிருந்து உண்மையை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டது. இன்று அக்காகிதத்தைப் பார்ப்பவர் அதன் சொந்தக்காரர் குற்றமற்றவரென்று நிச்சயிக்க முடியாது. அதற்குப் பதிலாக, லைசென்ஸ் எண்ணின் கடைசி எட்டு எழுத்துக்களையும் தேசிய இன்ஷூரன்ஸ் எண்ணையும் தபால் குறியையும் கொடுத்து இணையத்தின் வழியாக ஒரு குறிச்சொல் பெறலாம். அது 21 நாள் வரை செல்லும். கணினிப் பழக்கமுள்ளவருக்கு இது சில நிமிஷ வேலை. அப்பழக்கமில்லாத அறுபத்தைந்து வயதுக்காரர், விமானத்திலிருந்து இறங்கி, மனைவி மக்களுடனும் மூட்டைகளுடனும் கடை வாசலில் நிற்கையில் அவருக்கு இதை யார் செய்து கொடுப்பார்கள்? வண்டிக்குக் கட்டிய பணம் திரும்பாமலும் போகலாம். அதைவிடப் பெரிய அபாயம் விபத்து நேர்ந்தால் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி முறையான லைசென்ஸின்றி ஓட்டியவர் என்று எதிர்த்தரப்பார் வாதித்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க இடம் தேடாது என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்? 5.50 பவுன் சீட்டில் தொடங்கிய அசிரத்தை ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கிவிடக் கூடும்.

ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?

அப்படியானால் அட்டைக்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாறாதவரெல்லாம் சோம்பேறிகள் என்பது எளிதான பதில், நியாயமான பதிலன்று. முதற் காரணம் செலவு. விலாசம் மாறியவருக்கும் எழுபது வயதானவருக்கும் கட்டணமில்லை; வெறுமனே காகிதத்தை அட்டையாக்கிக் கொள்பவர் 20 பவுன் செலுத்த வேண்டும். இரண்டாவது காரணம், அட்டையின் புகைப்படத்தைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டணத்துடன் புதுப்பிக்க வேண்டும். தவறினால் 1,000 பவுன் வரை அபராதம் உண்டு. காகிதக்காரருக்கு இத்தொல்லை கிடையாது. மூன்றாவது காரணம் உரிமையைப் பற்றிய அச்சம். 1997-ம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்கு முன் மோட்டார்ப் பரீட்சையில் தேறியவருக்கு நடுத்தர லாரியும் சிறிய பஸ்ஸும் ஓட்டும் உரிமைகள் சேர்ந்தே கிடைத்தன. பின்னர் வந்தவருக்கு அவை தனிப் பரீட்சையின்றிக் கிடைப்பதில்லை. மாற்றும்போது குமாஸ்தாவின் கைப்பிழையால் இவ்வுரிமை விடுபட்டுப் போனால், பழைய காகிதமும் கையைவிட்டுப் போயிருக்கும். பிறகு எதைக் காட்டி வழக்காடுவது? இந்த அச்சம் அறியாமையால் பிறந்ததன்று. பத்திரத்தை ஒப்படைக்குமுன் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது விவேகமுள்ள எவரும் செய்யும் காரியமே.

ஆயினும் இக்காரணங்கள் யாவும் உள்நாட்டில் இருப்பவருக்கே பொருந்தும். கடல் கடந்து ஓட்டும் எண்ணமுள்ளவருக்கு இவற்றில் ஒன்றும் தாங்கி நிற்காது.

நம்மவருக்கு இதில் என்ன?

இதைப் படிக்கும் தமிழ் நேயர்கள், இங்கிலாந்தின் வீட்டு விவகாரத்தில் நமக்கென்ன என்று நினைக்கலாகாது. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறி லண்டன் நகரில் குடியேறிய தமிழரில் பலர் 1998-க்கு முன்னரே அங்கு லைசென்ஸ் பெற்றவர்கள். உறவினர் பாரிஸிலும் ஜெர்மனியிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் சிதறியிருக்க, கலியாணத்துக்கும் காரியத்துக்கும் மோட்டாரிலேயே கண்டத்துக்குப் போய் வருவது அவர்களுக்கு வழக்கம். நெடுங்காலம் தடையின்றிப் போய் வந்தவர்கள், நடுவே சட்டம் மாறியதைக் கவனியாமல் அதே காகிதத்தோடு புறப்பட்டு விடக்கூடும். அத்தகைய குடும்பங்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1949-ம் வருஷத்து உடன்படிக்கையில் சேர்ந்த நமது நாடு, அதன் கீழ்ச் சர்வதேசச் சீட்டு வழங்கி வருகிறது. நெடுநாள் வரை அச்சீட்டு மாகாணத்துக்கு ஒரு அளவாய், ஒரு நிறமாய், ஒரு உருவமாய் இருந்ததால், அந்நிய நாடுகளில் நம்மவர் கஷ்டப்பட்டார்கள். 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் ஒரே உருவத்தை விதித்து, மூல லைசென்ஸோடு அதை இணைக்கும் கியூ.ஆர். குறியையும் சேர்த்தது. உரிமை எவ்வளவு உறுதியாயிருந்தாலும் அதைத் தாங்கும் பத்திரம் பிறர் கண்ணுக்குப் புரியும்படி இராவிட்டால் பயனில்லை என்பதை நாமும் அநுபவத்தில் கற்றோம்.

மற்றொன்றும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்திய லைசென்ஸ் உள்ளவர் பிரிட்டனில் குடியேறினால் பன்னிரண்டு மாதம் அதைக் கொண்டு ஓட்டலாம். அதன் பிறகு அதை மாற்றிக்கொள்ள வழியில்லை, பரீட்சைக்கே உட்கார வேண்டும். சில குறிப்பிட்ட நாட்டாருக்குள்ள மாற்றும் சலுகை நம்மவருக்குக் கிடையாது. இருபது வருஷம் சென்னைத் தெருக்களில் ஓட்டியவரும் அங்கே மாணாக்கரே. பிரிட்டனுக்குத் தன் சாலையைப் பற்றி அப்படி விதிக்க அதிகாரம் உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் பிறர் பத்திரத்தை நிறுத்துப் பார்ப்பவர், தம் பத்திரம் நிறுக்கப்படும்போது முகஞ் சுளிக்கலாகாது.

செய்ய வேண்டியது

நமது அபிப்பிராயத்தில் பொறுப்பு இரு தரப்பிலும் இருக்கிறது. ஆனால் சமமாக இல்லை. காகிதம் செல்லும் என்ற வாக்கைக் கொடுத்தது சர்க்கார். யூனியனை விட்டு விலகியதும், அபராதப் புள்ளிகளைக் காகிதத்திலிருந்து நீக்கியதும் அதுவே. அவ்விரண்டும் சரியா தவறா என்ற விவாதத்தில் நாம் இப்போது புகவில்லை. தன் செய்கையால் ஒரு பத்திரத்தின் மதிப்பைக் குறைத்தவர், அதற்கு மாற்றுப் பத்திரம் கொடுக்கக் கூலி கேட்பது நியாயமாகாது என்று மட்டும் சொல்லுவோம். காகித லைசென்ஸ் உள்ளவர் விரும்பிக் கேட்டால், ஒரு முறை, கட்டணமின்றி அட்டை வழங்க வேண்டும். பழைய உரிமைகள் யாவும் புதிய அட்டையில் ஏறியிருக்கின்றன என்று எழுத்து மூலம் அத்தாட்சி தர வேண்டும். எந்த நாடு காகிதத்தை ஏற்கும், எது ஏற்காது என்பதைத் தூதராலயங்கள் மூலம் தானே விசாரித்துத் திட்டமான பட்டியலாக வெளியிட வேண்டும். ஒரு ராஜ்யம் மற்றொரு ராஜ்யத்தைக் கேட்டறிவது எளிது; தனி மனிதர் கேட்டறிவது அரிது.

கட்டாயமாக எல்லாக் காகிதத்தையும் பறித்துவிடலாமே என்பாருக்கு நாம் இணங்கவில்லை. வீட்டைவிட்டு அகலாத முதியவருக்கு, அயல்நாட்டுப் போலீஸ்காரரின் சௌகரியத்துக்காகப் புதுச் செலவு வைப்பது முறையன்று. 2025-ம் வருஷம் ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் கைத் தொலைபேசியிலேயே லைசென்ஸை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தபோது, அது விரும்பியவருக்கு மட்டுமே என்று கூறியது. அந்த நிதானம் இதிலும் இருக்கட்டும். காகிதத்திலிருந்து அட்டைக்கு வந்தபோது பின்தங்கியவர்களைக் கவனியாது விட்டதுபோல, அட்டையிலிருந்து தொலைபேசிக்குப் போகும்போதும் விட்டுவிடாமல் இருப்பதே முக்கியம்.

பிரயாணிகளுக்கு நாம் கூறுவது சுருக்கமானது. சர்க்கார் நியாயம் செய்யும் வரையில் சாலை காத்திராது. கடல் கடந்து ஓட்டப் போகிறவர்கள், புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே காகிதத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அட்டைக்கு எழுதிப் போடுவது உத்தமம். அவகாசமில்லாதவர்கள் போகும் நாட்டுக்குரிய சர்வதேசச் சீட்டையும், பாஸ்போர்ட்டையும், பழைய காகிதத்தையும், குறிச்சொல்லையும் சேர்த்தே கொண்டு போக வேண்டும். வாடகை வண்டிக் கடையாரின் நிபந்தனையை முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உரிமை நம்முடையதென்ற தைரியம் மட்டும் போதாது. அதை அறியாதவரிடம் அதை நிரூபிக்கும் சாதனமும் கையில் இருக்க வேண்டும். அச்சாதனத்தைத் தன் பிரஜைகளுக்குத் தடையின்றித் தருவது சர்க்காரின் கடன். அக்கடனை இனியும் தாமதிக்காமல் அது தீர்க்குமென்று எதிர்பார்க்கிறோம்.